சீத்தா மரத்தில் வந்த வெள்ளைப் பொடிப் புழு

வங்கியில் இருந்த முப்பத்து மூன்று வருஷத்தில், காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடாமல் ஒரு நாளும் பணம் கொடுத்ததில்லை. அந்த நான்தான், தோட்டத்தில் ஒரு புழுவைச் சரியாகப் பார்க்காமலேயே கரைசலைத் தெளித்தேன்.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் நமக்கு இரண்டரை ஏக்கர். தென்னை, எலுமிச்சை, வேலியோரம் சீத்தா, கொய்யா. போன வருஷம் புரட்டாசியில் வேலைக்கு வருகிற தம்பி, "அண்ணாச்சி, சீத்தாவைப் புழு மொட்டை அடிக்கு" என்றான். பெருவிரல் தடிமன், வெளிர்ப்பச்சை உடம்பு, மேலெல்லாம் சுண்ணாம்புப் பொடி பூசினாற்போல் வெள்ளை, முதுகில் மெத்தென்ற முள். பார்க்கவே பயமாக இருந்தது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் தயாராக இருந்தது, அடித்துவிட்டேன். இயற்கைக் கரைசல்தானே என்ற நினைப்பு. காலையில் மரத்தடியில் ஐந்து புழு செத்துக் கிடந்தன. மரத்தில் நான் எண்ணியது ஆறு.

மிச்சமிருந்த ஒன்று ஓரிரு நாளில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டியது. அந்தக் கூட்டைப் பார்த்த பிறகுதான் புத்தகத்தை எடுத்தேன். நம்ம ஊரில் பெரிய பட்டு அந்துப்பூச்சிகள் சில உண்டு. ஒன்றுக்கொன்று குழப்பம் வரும். கூட்டைப் பார்த்தால் எளிதில் பிரிக்கலாம்.

டஸ்ஸார் பட்டுப்பூச்சி மருது, இலந்தையில் வரும். அதன் கூடு கோழிமுட்டை மாதிரி கெட்டியாக, நீளமான காம்போடு கிளையில் வளையம் போட்டுத் தொங்கும். வாசல் கிடையாது. பூச்சி ஒரு திரவத்தால் கூட்டை நனைத்து, இளக்கித்தான் வெளியே வரும். மா, முந்திரியில் கூட்டம் கூட்டமாக வருவதற்குத் தங்க நிற வலைக்கூடு. என் சீத்தாவில் இருந்தது பழுப்பான காகிதப் பை மாதிரி, இலைக்காம்பைப் பட்டு நூலால் கிளையோடு கட்டியிருந்தது. மேல்முனையில் வாசல். அது அட்லஸ் வகை.

அதிலும் ஒரு விஷயம். வலைத்தளங்களில் எல்லோரும் 'அட்லஸ்' என்றே போடுகிறார்கள். 1758-இல் லின்னேயஸ் பெயர் வைத்த அட்டகஸ் அட்லஸ் இமயமலை அடிவாரம், வடகிழக்கு, அதற்கும் கிழக்கே உள்ள நாடுகளுக்கு உரியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டகஸ் தப்ரோபானிஸ். தப்ரோபனே என்பது இலங்கைக்கு கிரேக்கர் வைத்த பெயர். படத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம், எந்த ஊரில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் சிறகில் முக்கோணக் கண்ணாடி ஜன்னல், முன்சிறகு நுனியில் பாம்புத்தலை. டஸ்ஸாருக்கு ஜன்னல் வட்டம். வெளிர்ப்பச்சையில் நீள வால் இருந்தால் நிலா அந்துப்பூச்சி.

இவ்வளவும் படித்த பிறகும் இன்னொரு தப்பு செய்தேன். பல்லி தின்றுவிடும் என்று கிளையோடு வெட்டி, கூட்டைச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால், சிறகு கசங்கிய பெண் பூச்சி. கூட்டைவிட்டு வந்ததும் தொங்கிக்கொண்டு சிறகை விரிக்க இடம் வேண்டும், பெட்டியில் அது இல்லை. சிறகு அப்படியே காய்ந்துவிட்டது. வீட்டுக்காரி, "பாவம், இனி எப்படிப் பறக்கும்?" என்றாள். இந்தப் பூச்சிகள் எதையும் தின்பதில்லை, வாயே வேலை செய்யாது. புழுவாகத் தின்ற கொழுப்பில்தான் ஒரு வாரம் போல வாழ்க்கை.

மனசு கேட்காமல் அன்று மாலை அதை அதே சீத்தா மரத்தில் ஏற்றிவிட்டேன். பறக்காவிட்டாலும் மணத்தை விட முடியும். மறுநாள் விடியுமுன் டார்ச்சோடு போனேன். ஒரு ஆண் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சற்றுச் சிறியது, உணர்கொம்பு அகலமான இறகு மாதிரி. எங்கிருந்து வந்ததோ!

அடுத்த ராத்திரி கிளையில் முட்டைகள். இந்த முறை இருபத்திரண்டு புழு எண்ணினேன். இலை போனது இரண்டு மரத்தில்தான், அதுவும் மழைக்குப் பிறகு துளிர்த்துவிட்டது. தம்பி இப்போது கரைசல் கலக்கும்போதெல்லாம், "அண்ணாச்சி, வேலியோரம் அடிக்கவா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தெளிப்பானைத் தூக்குகிறான்.