டெங்கு இல்லை, காய்ச்சலும் விடவில்லை

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் அனந்தபுரம், செஞ்சிப் பக்கம் காய்ச்சல் என்று போனால் முதலில் எழுதித் தருவது டெங்குப் பரிசோதனை. 'இல்லை' என்று முடிவு வந்ததும் வீட்டில் நிம்மதி. ஆனால் சிலருக்கு ஐந்து நாளாகியும் சூடு இறங்காது. தலைவலி மண்டையைப் பிளக்கும். அப்போது நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஸ்கரப் டைபஸ். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான்.

அதற்காக மாட்டின் மேலுள்ள உண்ணியைத் தேட வேண்டாம். கடித்து நோய்க்கிருமியைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு. கண்ணில் படாது, கடித்தாலும் உறைக்காது. மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பவர், ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர் என எல்லோரும் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆய்வாளர்களும் வட தமிழகத்தின் 37 கிராமங்களில் 32,000 பேருக்கு மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகக் கண்காணித்தார்கள். 2025இல் முடிவு வெளியானது: ஆண்டுக்குப் பத்தில் ஒருவருக்கு வரை இந்தக் கிருமி தொற்றுகிறது. பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வருகிறவர்களில் சிலருக்குத்தான் உயிருக்கு ஆபத்து.

அந்த ஆபத்து செல்லுக்குள் தொடங்குகிறது. ஓரியன்ஷியா என்ற இந்த பாக்டீரியா உயிருள்ள செல்லுக்கு வெளியே பெருகாது. ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல் அதை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். அதற்குள் கிருமி தன்னைச் சூழ்ந்த பையைக் கிழித்துக்கொண்டு தப்பிவிடும். பிறகு செல் தன் சரக்கை அனுப்பும் நுண்குழல் தடத்திலேயே டிக்கெட் எடுக்காத பயணிபோல ஏறி, உட்கரு அருகே போய் இறங்கிப் பெருகும். வெளியேறும்போது செல்லின் சவ்வையே போர்த்திக்கொள்ளும். செல்லுக்குள் ஒரு வடிவமும் வெளியே வேறொரு வடிவமும் எடுக்கிறது என்பதை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. இப்படிக் குழாய்ச் சுவர் பழுதாகி நீர் கசிவதால்தான் நுரையீரல், ஈரல், மூளை என ஒரே நேரத்தில் பல உறுப்புகள் தடுமாறுகின்றன. பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை.

கண்டுபிடிக்க ஒரு துப்பு உண்டு: கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கரும்பொருக்கு. வலிக்காது. அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு, தொடையிடுக்கு என ஆடை மறைக்கும் இடங்களாகப் பார்த்து இருக்கும். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில், அதுவும் பெண்களிடம், யார் தேடுகிறார்கள்? எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருப்பதுமில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் எலைசா பரிசோதனை காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகே தெளிவாகக் காட்டும். அதற்கு முன் பிசிஆர் உதவும். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை பலரைத் தவறவிடுகிறது. ஆகவே சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே மருத்துவ வழக்கம்.

மருந்து டாக்சிசைக்ளின்; விலை குறைவு. நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது மேலான பலன் தருகிறது என்று வேலூர் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. ஏழு மருத்துவமனைகளில் 794 நோயாளிகள். கூட்டு மருந்து பெற்றவர்களில் 33 சதவீதத்தினரே மரணம், தொடரும் சிக்கல், ஐந்தாம் நாளும் காய்ச்சல் என்ற கணக்கில் வந்தார்கள். ஒற்றை மருந்தில் அது 47, 48 சதவீதம்.

தடுப்பூசி இன்னும் இல்லை. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறவர்கள், கேட்காவிட்டாலும் கொல்லைக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். கரும்பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.