தூரிகைக் கைப்பிடிக்கு ஏற்ற மரம்

ஹேவாஹெட்டைக் குளிரில், வெந்நீரில் நனைத்த சவரத் தூரிகை கன்னத்தில் நுரையெழுப்பும் சுகத்தை அறிந்தோர், அதன் கைப்பிடியைத் தாமே கடைந்துகொள்ள விரும்புவது இயல்பே. எம்மரம் ஏற்றது?

தேயிலைக்கு நிழலாய் நிற்கும் கிரெவிலியா, மலைநாட்டார் கூறும் சவுக்கு, எளிதிற் கிடைக்கும், கடையவும் இலகு. ஆயினும் அதன் தூள் சிலருக்குத் தோலரிப்பைத் தரும். முதிரை வைரம் பாய்ந்தது, நீருக்கு அஞ்சாது, உளியைத்தான் மழுக்கிவிடும்.

எமது தெரிவு பலாவே. அறுக்கையில் மஞ்சளாயிருந்து, நாளடைவிற் செம்மை கலந்த கபிலமாகும். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றித் தறிக்கலாகாத மரமாதலின், பழைய கதவு நிலைத் துண்டுகளைத் தேடுக, அவை நன்குலர்ந்தவை.

மயிர்க்கற்றை பதியும் குழியில் நார்களின் வாய் திறந்திருப்பதால், அவ்வழியே நீர் புகுந்து மரம் வெடிக்கும். குழியின் உட்புறத்துக்கும் வார்ணிஷ் பூசி, காய்ந்த பின்னரே கற்றையை ஒட்டுக.