மெட்ரோ கேட்டில் காட்டினால் போதும், கை மெஷினில் ஏன் ஒட்டி வைக்கணும்?

சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டையை 2025 ஆகஸ்ட் 1 முதல் ரீசார்ஜ் செய்ய முடியாது. இனி சிங்காரச் சென்னை கார்டுதான். அந்தத் தேதி நெருங்க நெருங்கக் கடிதங்கள் குவிந்தன. எங்கே வாங்குவது, எப்படி ரீசார்ஜ் செய்வது என்பதெல்லாம் அனைவருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். தலைப்பிலுள்ள கேள்வி திருநீர்மலை வாசகர் ஒருவருடையது. அவர் ஊரில் பஸ்தான், அதனால் கண்டக்டரின் கை மெஷின்தான்.

'ஒரே நாடு, ஒரே கார்டு' என்று 2019 மார்ச்சில் அறிமுகமான திட்டத்தின் சென்னை வடிவம் இந்தக் கார்டு. கார்டு ஒன்றாக இருக்கலாம். அதைப் படிக்கும் மெஷின்கள் ஒன்றல்ல.

மெஷினுக்குள் இருப்பதை 'ஆன்டெனா' என்பதே கௌரவப் பட்டம்தான். கார்டும் மெஷினும் பேசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். கார்டளவுச் சுருளுக்கு அதை ஒலிபரப்பும் தெம்பு கிடையாது. உண்மையில் அது பாதி டிரான்ஸ்ஃபார்மர். ஒரு சுருள் மெஷினில், மற்றொன்று கார்டில், நடுவில் காந்தப்புலம். பேட்டரி இல்லாத சிப் அந்தப் புலத்தில்தான் உயிர் பெறுகிறது.

காலாவதியான பேங்க் கார்டு ஒன்றின் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தையொட்டிச் சில மெல்லிய கோடுகள், கொசுவர்த்திச் சுருளைச் செவ்வகமாக்கிய மாதிரி. மெஷினின் சர்க்யூட் போர்டிலும் இதே சுருள்தான், செம்பில் அரித்து எடுத்தது. உள்முனைக்கு வெளியேற வழியில்லை. அதனால் ஒரு துளை வழியே போர்டின் மறுபக்கம் இறங்கி, மற்ற கோடுகளுக்கு அடியில் நுழைந்து, மறுபடி மேலேறுகிறது.

சுற்றுகள் கூடினால் இண்டக்டன்ஸ் கூடும். அதுவும் கெப்பாசிட்டரும் சேர்ந்து 13.56-ல் சுருதி சேர வேண்டும். 50 பிகோஃபாரட் சிப்புக்குச் சுமார் 2.75 மைக்ரோஹென்றி என்று கணக்கே சொல்லிவிடும். சாமர்த்தியம் இதற்கு அப்புறம்தான். கோட்டை அகலமாக்கினால் மின்தடை குறையும், சுருதி கூர்மையாகும், புலம் வலுக்கும். நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். கார்டின் பதில் வருவது மைய அலைவரிசையிலிருந்து இருபுறமும் சுமார் 847 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. சுருதி ரொம்பக் கூர்மையானால் அந்தப் பதில் அமுங்கிப்போகும். ஆகவே விவரமான டிசைனர் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, சிரமப்பட்டுச் சேர்த்த சுருதியைத் தானே கொஞ்சம் மழுங்கடிக்கிறார். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கேட்டில் சுருளுக்குத் தாராளமாக இடம் உண்டு. கை மெஷினிலோ பேட்டரி, திரை, டிக்கெட் பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நடுவே அது ஒடுங்க வேண்டும். முதுகுப்பக்கம் முழுச் செம்புப் பரப்போ பேட்டரியின் உலோக உறையோ இருந்தால், அதில் கிளம்பும் சுழல் மின்னோட்டம் புலத்தைத் தின்றுவிடும். அதைத் தடுக்க ஃபெரைட் தாள் ஒட்டுகிறார்கள். ஒட்டியதும் இண்டக்டன்ஸ் ஏறும், சுருதி நழுவும். எல்லாவற்றையும் மாட்டி, உறையை மூடிய நிலையில் மறுபடி டியூன் செய்தாக வேண்டும். மேசைமேல் திறந்து கிடந்த போர்டு 'பாஸ்' என்று யாராவது ரிப்போர்ட் காட்டினால் எனக்கு நம்பிக்கை வராது. 'பத்து சென்டிமீட்டர் வரை' என்ற விளம்பரத்திலும் அப்படியே. கை மெஷினில் நாலு கிடைத்தால் பெரிது, அதனால்தான் ஒட்டி வைக்கணும்.

மற்ற கேள்விகள்.

பர்ஸோடு வைக்கலாமா? இரண்டு கார்டு ஒட்டியிருந்தால் ஒன்றின் சுருதியை மற்றது கெடுக்கும், வெளியே எடுங்கள்.

ஆன்லைனில் ஏற்றிய பணம் காணோமே? மெஷினில் ஒருமுறை கார்டை வைத்து அப்டேட் செய்தால்தான் சிப்பில் ஏறும்.

கார்டு தொலைந்தால்? சிப்பிலிருக்கும் பணம் நோட்டு மாதிரி, போனது போனதுதான்.

பழைய அட்டையின் மீதி? 50 ரூபாய்க்குக் கீழே வரும்வரை பயணம் செய்துவிட்டு, கவுண்டரில் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 2025-ல் அறிவித்தார்கள்.

க்யூஆர் டிக்கெட்? அது தொடர்கிறது.

திருநீர்மலைக்கு மெட்ரோ எப்போது? தடம் இன்னும் விமான நிலையத்தைத் தாண்டவில்லை.