கார் கதவு, மேனேஜர் ரூம், ஹோட்டல் சாவி: வசனமே இல்லாத காதல் காமெடிகள்

சேலத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு டாபிக் காதல். அதுவும் ஒரு வார்த்தை கூட பேசாம பண்ற காதல்.

சேலம்னா சினிமா ரசிகர்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் ஞாபகம் வரும். ஏற்காடு ரோட்டுல அந்த வளைவு இன்னும் நிக்குது. ஆனா அவங்களோட முதல் படமான ‘சதி அகல்யா’ வந்ததே 1937லதான். அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சிருச்சு. அப்போ நமக்குன்னு ஒரு மௌன காதல் காமெடி கிடையாதா? இருக்கு. ‘காளிதாஸ்’ வந்து 56 வருஷம் கழிச்சு, 1987ல வந்துச்சு. பேரு என்ன தெரியுமா? ‘பேசும் படம்’!

அதுக்குப் போறதுக்கு முன்னாடி, பழைய ஹாலிவுட் மௌனப் படங்கள்ல காதல் காமெடி எப்படி வேலை செஞ்சுதுன்னு பார்த்துடலாம். பெரும்பாலும் ஒரே லாஜிக்தான். ஹீரோகிட்ட காசு இல்ல. பொண்ணு அவனைப் பணக்காரன்னு நினைக்கறா. அவனும் மறுக்கறதில்ல. அந்தப் பொய்யைக் காப்பாத்த அடுத்த பொய், அதைக் காப்பாத்த இன்னொண்ணு.

ஹெரால்ட் லாயிட் நடிச்ச ‘சேஃப்டி லாஸ்ட்!’, 1923ல வந்தது. ஹீரோ ஒரு துணிக்கடை சேல்ஸ்மேன். ஊர்ல இருக்கற காதலிக்கு, தான் பெரிய ஆள் ஆயிட்டதா லெட்டர் போடறான். அவ திடீர்னு கடைக்கே வந்து நிக்கறா. வேற வழியில்லாம ஜெனரல் மேனேஜர் ரூமைத் தன் ரூம்னு காட்டறான். அந்தப் பொய்யை நிஜமாக்கப் பணம் வேணும். கடைக்கு விளம்பரமா ஒருத்தர் கட்டடம் ஏறினா 1000 டாலர்னு பேச்சு. ஏற வேண்டிய நண்பனைப் போலீஸ் துரத்துது, அதனால இவனே ஏறறான். பெரிய கடிகாரத்தோட முள்ளைப் பிடிச்சுத் தொங்கற அந்த ஃபேமஸ் போட்டோ இந்தப் படத்துலதான். காதலிக்கு எழுதின ஒரு லெட்டர் அவனை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டு போய் விட்டிருச்சு!

அடுத்து சாப்ளினோட ‘சிட்டி லைட்ஸ்’, 1931. பூ விக்கற பொண்ணுக்குப் பார்வை கிடையாது. ஒரு நாடோடியை அவ எப்படிப் பணக்காரன்னு நம்புவா? சாப்ளின் கண்டுபிடிச்ச வழி ஒரு கார் கதவு. டிராஃபிக்குல நிக்கற கார் ஒண்ணுக்குள்ள புகுந்து அவர் இந்தப் பக்கமா இறங்கறார். கதவு சாத்தற சத்தத்தை வெச்சு, கார் முதலாளின்னு அவ முடிவு பண்ணிடறா. வசனமே இல்லாத படத்துல, ஒரு சத்தம்தான் மொத்தக் கதைக்கும் அஸ்திவாரம். இந்தக் கதை 1954ல ‘ராஜி என் கண்மணி’ன்னு தமிழுக்கும் வந்துச்சு.

இதுக்கு ஏன் மௌனம் முக்கியம்? பேசற படத்துல ஹீரோ ரெண்டு வரியில உண்மையைச் சொல்லிடலாம். மௌனப் படத்துல அதுக்கு டைட்டில் கார்டு போடணும், கார்டு போட்டா சிரிப்பு நின்னுடும். அதனால பொய்யை ஒரு பொருளுக்குள்ள வெக்கறாங்க: ஒரு ரூம், ஒரு கார் கதவு. நமக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியாது. நம்ம சிரிப்பும் பதட்டமும் அந்த ஒரே இடத்துல இருந்துதான் வருது.

இப்போ ‘பேசும் படம்’. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கமல், அமலா. இங்க அந்தப் பொருள் ஒரு ஹோட்டல் சாவி. வேலை இல்லாத பட்டதாரி, ரோட்டுல குடிச்சிட்டுக் கிடக்கற பணக்காரரைத் தன் ரூம்ல கட்டிப் போட்டுட்டு, அவரோட ஸ்டார் ஹோட்டல் ரூம்ல போய்த் தங்கறான். அங்க அமைதியா இருக்கறதால தூக்கம் வரல! தன் பழைய ஏரியா சத்தத்தை டேப்ல ரெக்கார்டு பண்ணிட்டு வந்து போட்டுத்தான் தூங்கறான். அதே ஹோட்டல்ல தங்கியிருக்கற மேஜிக்காரரோட பொண்ணுதான் அமலா. காதல் முழுக்க சைகையிலேயே நடக்குது.

கடைசியில அவனே எல்லா உண்மையையும் எழுதி அவகிட்டக் குடுக்கறான். ‘சேஃப்டி லாஸ்ட்!’ ஹீரோ செய்யாத வேலை இது. அவ மன்னிச்சுடறா. கிளம்பற கார்ல இருந்து, ரோஜாவோட ஒரு சீட்டையும் போடறா. அந்தச் சீட்டு சாக்கடையில விழுந்துருது. பூ மட்டும் கையில மிஞ்சுது. மறுபடியும் வேலை கேட்டு கியூல நிக்கறான்.

இன்னைக்கு நம்பர் போன்ல சேவ் ஆயிருக்கும், சாக்கடைக்குப் போகாது. ஆனா அவனைப் பொய் சொல்ல வெச்ச அந்த கியூ? மேட்ரிமோனி புரொஃபைல்ல சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திப் போடற நம்ம ஃப்ரெண்ட்ஸும் அதே கியூலதான் நிக்கறாங்க. ‘பேசும் படம்’ அவனைப் பார்த்துச் சிரிக்க வைக்குது, ஆனா கேலி பண்ணல.

இந்த வீக்கெண்ட் மூணு படத்துல ஒண்ணைப் பாருங்க. சப்டைட்டில் தேடற வேலை இருக்காது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!