பங்கு வைக்கும் முன் வீட்டின் விலையை அறியுங்கள்



குடும்பத் தலைவர் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால், அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியிருப்பது அவருடைய வாரிசுகளுக்கு உரியது. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. இந்தக் கணக்கை அன்னிஸா அத்தியாயத்தின் விளக்கத்தைக் கேட்ட எவரும் சொல்லிவிடுவார். ஃபத்வா கேட்டு வரும் கடிதங்களிலும் பெரும்பாலும் இந்த விகிதத்தைத்தான் கேட்கிறார்கள். விகிதத்தை எழுதிக் கொடுப்பது ஆலிமுக்கு எளிது. அதை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் வீட்டில் சச்சரவு தொடங்குகிறது. காரணம், நாற்பதில் ஏழு பங்கு மகளுக்கு என்று தாளில் இருக்கிறது. எவ்வளவு ரூபாயில் நாற்பதில் ஏழு என்பது தாளில் இல்லை.

நம் சமுதாயத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரே ஒரு வீடுதான் சொத்து. அதை ஐந்து துண்டாக வெட்ட முடியாது. எனவே அங்கேயே குடியிருக்கும் மகன் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுத்துவிடுகிறார். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டு. வாரிசுகளில் ஒருவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு தம் பங்கிலிருந்து விலகிக்கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் ‘தகாருஜ்’ என்ற தலைப்பில் பேசுகின்றன. ஆனால் அந்தத் தொகையை நிர்ணயிப்பது யார்? வாங்குகிறவரே விலையையும் சொல்லும் வியாபாரம் உலகில் வேறு எங்கும் இல்லை. நம் பாகப்பிரிவினைகளில் மட்டும் அது வழக்கமாகிவிட்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். தந்தை விட்டுச் சென்றது 1,200 சதுர அடி மனையும், அதில் 750 சதுர அடியில் நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய வீடும் என வைத்துக்கொள்வோம். வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மொத்தத்தை 40 பாகமாக்கினால் தாய்க்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. பத்திரப் பதிவுக்காக அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அந்தத் தெருவில் சதுர அடிக்கு 1,500 ரூபாய். உண்மையில் அங்கே மனை 3,500 ரூபாய்க்குக் கைமாறுகிறது. கட்டடத்தின் இன்றைய மதிப்பு 6 லட்சம். வழிகாட்டி மதிப்பைக் கொண்டு பார்த்தால் சொத்து 24 லட்சம். மகளின் பங்கு 4 லட்சத்து 20 ஆயிரம். நடப்பு விலையைக் கொண்டு பார்த்தால் சொத்து 48 லட்சம்; மகளின் பங்கு 8 லட்சத்து 40 ஆயிரம். இரண்டிலும் விகிதம் சரியாகவே இருக்கிறது. முதல் கணக்கில் தங்கையின் உரிமையில் சரிபாதி அண்ணனிடம் தங்கிவிடுகிறது. அதே அத்தியாயத்தின் 7-ஆவது வசனம், சொத்து குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் அதில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதை உறுதிப்படுத்துகிறது. விலையைக் குறைத்துச் சொல்வது அந்தப் பங்கைக் குறைப்பதற்கு இன்னொரு வழி, அவ்வளவுதான்.

வழிகாட்டி மதிப்பு விலை அல்ல

‘கவர்மெண்ட் ரேட் இவ்வளவுதான்’ என்று சொல்லித்தான் பெரும்பாலான பங்கீடுகள் முடிகின்றன. ஆகவே இந்த மதிப்பு எதற்காக ஏற்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வசூலிப்பதற்காகத் தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் பதிவுத்துறை குறித்து வைத்திருக்கும் தொகை இது. தமிழகத்தில் 2017 ஜூன் 9 முதல் இந்த மதிப்பு மாநிலமெங்கும் 33 சதவிகிதம் குறைக்கப்பட்டது. அன்று காலையில் எவருடைய வீடும் சந்தையில் மூன்றில் ஒரு பங்கு விலை இறங்கிவிடவில்லை. பிறகு 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பினார்கள். 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்பு நடைமுறைக்கு வந்தது. இப்படி அரசாணையால் ஏறி இறங்கும் ஓர் எண்ணை அனாதையின் பங்குக்கும் விதவையின் பங்குக்கும் அளவுகோலாக்குவது முறையல்ல. சில தெருக்களில் இதற்கு நேர்மாறாக, வழிகாட்டி மதிப்பு நடப்பு விலையைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. அங்கே வீட்டை எடுத்துக்கொள்ளும் மகனுக்கு அநீதி நேரும். அதையும் மறக்கக் கூடாது.

எனினும் அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தெருவின் பெயரோ புல எண்ணோ போதும். அது மனைக்கான மதிப்பு மட்டுமே. கட்டடத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது?

ஒரு பொருளின் விலை, அதைப் போன்ற பொருளை ஜனங்கள் என்ன கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைக் கொண்டே அறியப்படும். ஃபுகஹாக்கள் ‘ஸமனுல் மிஸ்ல்’ என்று சொல்வது இதைத்தான். உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கடந்த ஓரிரு வருடங்களில் விற்ற மூன்று நான்கு மனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் புல எண் தெரிந்தால் வில்லங்கச் சான்றிதழை இணையத்திலேயே பார்க்கலாம். அதில் கைமாற்றுத் தொகை என்றும் சந்தை மதிப்பு என்றும் இரண்டு இடங்கள் இருக்கும். ‘சந்தை மதிப்பு’ என்ற சொல்லைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம். பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு போட்ட தொகையே அங்கு இருக்கும்.

கைமாற்றுத் தொகையும் பல நேரங்களில் முழு உண்மையாக இருப்பதில்லை. தீர்வையை மிச்சப்படுத்துவதற்காக, கொடுத்த பணத்தில் பாதியைத்தான் கிரயப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். குறைத்து எழுதியதாகச் சார்பதிவாளர் கருதினால் இந்திய முத்திரைச் சட்டம் 47-அ பிரிவின்படி மதிப்பை நிர்ணயிக்க மேலே அனுப்ப முடியும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். இந்தப் பொய் அரசோடு முடிவதில்லை என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். இருபது வருடம் கழித்து அந்த வீட்டைப் பங்கிடும்போது, ‘வாப்பா வாங்கிய விலையே இவ்வளவுதான்’ என்று அந்தப் பத்திரத்தைக் காட்டியே மகளின் வாயை அடைக்கிறார்கள்.

ஆகவே பத்திரத்தோடு நிற்காமல், விற்றவரையும் வாங்கியவரையும் நேரில் கேளுங்கள். தரகரிடம் கேட்கும்போது ஒரே தரகரிடம் நிற்க வேண்டாம். ஒருவரிடம் ‘இப்படி ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது, என்ன கிடைக்கும்?’ என்று கேளுங்கள். வேறொருவரிடம் ‘இந்தத் தெருவில் ஒரு வீடு வேண்டும், என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உண்மை விலை இருக்கும். விளம்பரங்களில் காண்பது கேட்கும் விலை. கிடைத்த விலை அல்ல. பிறகு ஏற்றத்தாழ்வுகளைக் கவனிக்க வேண்டும். மெயின் ரோட்டை ஒட்டிய மனையும் சந்துக்குள் இருக்கும் மனையும் ஒரே புல எண்ணில் இருந்தாலும் ஒரே விலைக்குப் போகாது. பட்டா யார் பெயரில் இருக்கிறது, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்குப் பாதை உண்டா என்பவை எல்லாம் விலையை மாற்றும்.

நம் ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ வக்ஃப் செய்யப்பட்ட அடிமனையில் வாடகை செலுத்திக்கொண்டு வீடு கட்டி வாழ்வோர் அநேகர். அங்கே மய்யித்துக்குச் சொந்தமானது கட்டடம் மட்டுமே. மண்ணின் விலையைச் சேர்த்துப் பங்கு போடுவது, நமக்கு உரிமை இல்லாததைப் பங்கு போடுவதாகும்.

கட்டடத்தின் மதிப்புக்கு ஒரு நேரான வழி உண்டு. அதே கட்டடத்தை இன்று கட்டினால் என்ன செலவாகும் என்று பார்த்து, அதன் வயதுக்குரிய தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். நான் சொன்ன உதாரணத்தில் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் 750 சதுர அடிக்கு 15 லட்சம். கட்டடத்தின் ஆயுளை 60 வருடம் என்றும், இறுதியில் மரம், இரும்பு முதலியவற்றுக்குப் பத்து சதவிகிதம் தேறும் என்றும் கொண்டால், நாற்பது வருடத் தேய்மானம் 9 லட்சம். மீதி 6 லட்சம். தேக்கு மரத் தூண்களும் நல்ல கதவுகளும் உள்ள பழைய வீடு என்றால் அவற்றைத் தனியாக மதிப்பிடுவதே நியாயம். அடுக்குமாடி வீடு என்றால், பிரிக்கப்படாத நிலப் பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் பழையதாக ஆக, விலை அதைச் சார்ந்தே நிற்கும்.

இருவரை வைத்து மதிப்பிடுதல்

இவ்வளவையும் நாமே செய்தாலும், செய்கிறவர் வாரிசுகளில் ஒருவராக இருந்தால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். வருமான வரித்துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பொறியாளர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு, நேரில் வந்து அளந்து, எழுத்து மூலமாக அறிக்கை தருவார்கள். கட்டணத்தை எல்லோரும் பங்குக்கேற்பக் கொடுப்பது நல்லது. ஒருவரே கொடுத்தால் மதிப்பீட்டாளர் அவருடைய ஆளாகிவிட்டார் என்ற பேச்சு எழும். வங்கிக் கடனுக்காக முன்பு எடுத்த மதிப்பீடு இருந்தால் அதை அப்படியே பயன்படுத்த வேண்டாம். அந்த அறிக்கைகளில் அவசரமாக ஏலத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்ற ஒரு தொகையும் இருக்கும். அந்தக் கடைசித் தொகையை மட்டும் காட்டிக் காரியத்தை முடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

விலை மதிப்பீடு தேவைப்படும் பங்கீட்டுக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் கூறும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அளந்து பிரிப்பதில் தவறு வெளியே தெரிந்துவிடும். விலை சொல்வதில் மனச்சாய்வு ஒளிந்துகொள்ளும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

கைபரின் பேரீச்சந்தோட்டங்களில் நபி (ஸல்) அவர்களுக்கும் அங்குள்ள விவசாயிகளுக்கும் விளைச்சலில் பாதிப் பாதி என்று ஒப்பந்தம். காய்கள் மரத்தில் இருக்கும்போதே மதிப்பிடுவதற்காக அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். மதிப்பைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ள அவர்கள் தங்கள் பெண்களின் நகைகளைச் சேர்த்து லஞ்சமாகக் கொடுக்க வந்தபோது, அது ஹராம் என்று கூறி மறுத்துவிட்டார்கள். மதிப்பிட்டு முடித்த பிறகு அந்த ஸஹாபி செய்ததுதான் கவனிக்கத்தக்கது. நான் சொன்ன அளவில் விருப்பமிருந்தால் நீங்கள் எடுத்துக்கொண்டு எங்கள் பாதியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் பாதியைக் கொடுத்துவிடுகிறோம் என்று இரண்டு வழியையும் திறந்து வைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் இதைச் செய்து பாருங்கள். ‘இந்த வீடு 24 லட்சம்தான்’ என்று சொல்லும் சகோதரரிடம், ‘அப்படியானால் அதே 24 லட்சத்துக்கு உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள், தங்கை எடுத்துக்கொள்ளட்டும்’ என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் கேட்டால் போதும். விலை உடனே உயரும்.

எந்த நாளின் விலை?

தந்தை 1998-இல் இறந்தார், அன்றைக்கு வீடு மூன்று லட்சம், அதில் உன் பங்கு இவ்வளவு என்று 25 வருடங்களுக்குப் பிறகு பணம் நீட்டுவோர் உண்டு. இது கூடாது. தந்தை இறந்த கணத்திலேயே மகள் அந்த வீட்டில் பங்குதாரர் ஆகிவிட்டார். அவருக்கு உரியது அன்றைய மூன்று லட்சத்தில் ஒரு பகுதி அல்ல. வீட்டின் ஒரு பகுதி. வீடு வளர்ந்தபோது அவருடைய பங்கும் சேர்ந்தே வளர்ந்தது. ஆகவே அவர் பங்கை விட்டுக்கொடுக்கும் நாளின் விலையே கணக்கு. இடைப்பட்ட காலத்தில் ஒரு மகன் மற்றவர்கள் சம்மதத்துடன் சொந்தப் பணத்தில் மாடி கட்டியிருந்தால், அந்தக் கட்டுமானத்தின் மதிப்பைத் தனியே பிரித்து அவருக்கு வைத்துவிட்டு, மனையையும் பழைய கட்டடத்தையும் பங்கிட வேண்டும். தங்கையின் நிக்காஹுக்குத் தந்தை உயிருடன் இருந்தபோது போட்ட நகையைப் பங்கில் கழிப்பதற்கும் இடமில்லை. அது அன்றே கொடுத்து முடிந்த அன்பளிப்பு.

‘எங்கள் வீட்டுப் பெண்கள் பங்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக விட்டுக்கொடுக்கலாம், அது அவர்களுடைய உரிமை. ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்தவரே விட்டவர் ஆவார். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. குதிரையைப் பார்த்த அவர்கள், இது அதைவிடப் பெறும் என்று விற்றவரிடம் தாமே சொல்லிச் சொல்லி எண்ணூறு வரை உயர்த்திக் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். முன்பின் அறியாத வியாபாரியிடம் ஒரு ஸஹாபி காட்டிய நேர்மை அது. நாம் கேட்பது கூடப் பிறந்தவளுக்கு.

எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து இடச் சொல்வதற்கு முன்பே, மதிப்பீட்டு அறிக்கையின் நகலை அவரிடம் கொடுங்கள். அவருடைய பங்கு எத்தனை ரூபாய் என்பதை ஒரு தாளில் எழுதி, கணவரோடும் பிள்ளைகளோடும் பேசிப் பார்க்கச் சில நாள் அவகாசம் விடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அவர் விட்டது அவருடைய நன்மை. பாதி போதும் என்றால் பாதியைக் கொடுங்கள். முழுவதும் வேண்டும் என்றால், கையில் பணம் இல்லாவிட்டால் எத்தனை தவணையில் கொடுப்பீர்கள் என்பதை இரண்டு சாட்சிகளுடன் எழுதிக் கொடுங்கள்.