முகத்துக்குக் கம்பி: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் கிடைத்துவிடும். அங்கே உருள்வது பெரும்பாலும் டென்னிஸ் பந்து. பள்ளி அணிக்குத் தேர்வாகி சாப்ட்பாலோ கிரிக்கெட்டோ கெட்டிப் பந்தில் ஆடத் தொடங்கும்போதுதான் வீட்டில் கவலை பிறக்கிறது: முகத்தில் பட்டால்?

கவலையில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள சாப்ட்பாலின் எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிராம். பெரியவர்கள் ஆடும் கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. உருவம் பெரிது என்பதால் சாப்ட்பால் கண்குழிக்குள் அவ்வளவாக இறங்காது. அடி முழுவதையும் மூக்கெலும்பும் கன்ன எலும்பும் முன்பற்களும் வாங்கிக்கொள்ளும்.

சாப்ட்பாலில் பந்து வீசும் பெண்ணின் நிலைமைதான் மோசம். பெண்கள் ஆட்டத்தில் வீசும் தூரம் 43 அடி. வீசிவிட்டு முன்னே ஓர் எட்டு வைத்து நிற்கும்போது மட்டைக்கும் அவளுக்கும் இடையே சுமார் 11 மீட்டர்தான் மிச்சம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பந்து திரும்பி வந்தால் 0.44 விநாடியில் முகத்தருகே இருக்கும். கண் பார்த்துக் கை அசையத் தொடங்கவே அதில் பாதி போய்விடும். எந்தப் பயிற்சியும் இந்தக் கணக்கை மாற்றாது. முதல் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் மட்டையை நெருங்கி நிற்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். கேட்சருக்கு முகக்காப்பு எப்போதோ கட்டாயமாகிவிட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 2006 முதல் மட்டையாளரின் ஹெல்மெட்டிலும் கம்பி வேண்டும். வாதம் எல்லாம் களத்தில் நிற்பவர்களைப் பற்றித்தான்.

கிரிக்கெட் இதை உயிர் கொடுத்துக் கற்றது. 1998-இல் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற ரமன் லாம்பா, தலையில் அடிபட்டு இறந்தார். 2014-இல் சிட்னியில் பில் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்திருந்தார். பந்து அது மறைக்காத கழுத்தில் பட்டது. காப்பு மறைத்த இடத்துக்குத்தான் காவல்.

தீமைகளும் உண்டு. கம்பி கீழ்ப் பார்வையைக் கொஞ்சம் மறைக்கும். காலடியில் உருண்டு வரும் பந்துக்குக் குனிகையில் அந்தக் குறை தெரியும். சித்திரை வெயிலும் கடற்காற்றின் புழுக்கமும் சேரும்போது வியர்வையில் பட்டை நழுவும். பிள்ளைகள் அதைத் தளர்த்தி மோவாயில் தொங்கவிடுவார்கள். தளர்ந்த காப்பு அடிபடும்போது நகர்ந்து முகத்தையே கிழிக்கலாம். ‘மாஸ்க் இருக்கே’ என்று இரண்டடி முன்னேறி நிற்கும் துணிச்சல் இன்னொரு தொல்லை. மூளை அதிர்ச்சியையும் முகக்காப்பு தடுப்பதில்லை. அடிபட்ட பிள்ளைக்குத் தலைசுற்றலோ வாந்தியோ குழப்பமோ இருந்தால், முகத்தில் கீறலே இல்லாவிட்டாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

இத்தனையையும் எடைபோட்டால், பந்து வீசுபவருக்கும் உள்களத்தில் முன்னே நிற்பவர்களுக்கும் நன்மைதான் கூடுதல், அணியட்டும். தொலைவில் நிற்கும் வெளிக்களத்தாருக்கு அது தேவையில்லாத சுமை. அங்கே பந்தைக் கண்ணால் தொடரப் பழகுவதே மேல். பதினைந்து பேருக்கு ஒரே அளவில் வாங்கி அறையில் அடுக்கிவைக்கும் பள்ளிப் பழக்கம் மட்டும் கூடாது. அளவு சேராத காப்புக்குக் காப்பு என்ற பெயரே தகாது.

வாங்கும்போது தரச்சான்று பாருங்கள். விலை மலிவு என்று பற்றவைப்பு தெறித்த கம்பியை வாங்காதீர்கள். அடி வாங்கி வளைந்ததை நிமிர்த்தி மறுபடி மாட்டவும் வேண்டாம். பி.டி. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெடிப்பு விழுந்த தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று எவருக்கும் தெரியாது. ஆட்டத்துக்கு முன் உருளை ஓட்டிக் கல் பொறுக்கினால் பாதி அடி அங்கேயே நின்றுவிடும்.

அதையும் மீறி நிலைப்பல் பெயர்ந்து விழுந்தால், வேர்ப் பகுதியைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் திரும்பப் பொருத்திவிடலாம்.