விழுந்த பல்லுக்குப் பதில் என்ன பல்?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் எம் முன்னோர். சொல் மட்டுமா போகிறது? புழுக்கொடியலும் கச்சானும் கடிக்க முடியாமற் போகிறது. இறைச்சியையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு, சோற்றையும் சொதியையும் மட்டும் விழுங்கும் முதியோர் எம்மிடையே பலர். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் தாய்மாரையும் சங்கக் கூட்டங்களிலே காண்கிறோம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்குப் பல் என்பது கடைசிக் கவலை. வலித்தால் பிடுங்குவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றிருப்போம். அந்தப் "பிறகு" வரும்போது கையில் இருப்பது விதைநெல்லுக்கென வைத்த காசாகவே இருக்கும். ஆகவே எது தேவை, எது தேவையில்லை என்று அறிந்து செலவழிப்பது நல்லது.

பல் கட்டத்தான் வேண்டுமா?

வளர்ந்தவருக்கு ஞானப்பற்களுடன் 32 பற்கள் உண்டு. சொந்தப் பற்கள் 20 ஆவது நல்ல நிலையில் இருந்தால் சாப்பாட்டுக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. பின்பக்கத்தில் ஒன்றிரண்டு கொடுப்புப் பற்கள் இல்லாவிட்டாலும், மற்றவை மேலும் கீழும் பொருந்திக் கடிக்குமானால் கடன்பட்டுப் பல் கட்ட வேண்டியதில்லை. எனினும் சிலருக்கு இடைவெளியின் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும். அதனால் ஒரு முறை பல் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

மூன்று வழிகள்

முதலாவது, கழற்றிப் பூட்டும் பொய்ப்பல். பெரும்பாலும் அக்கிரிலிக் என்னும் பிளாஸ்ரிக்கில் செய்வார்கள். மூன்றிலும் செலவு குறைந்தது இதுவே. பல பற்கள் இல்லாதவருக்கும் பொருந்தும். பின்னர் இன்னொரு பல் விழுந்தால் அநேகமாக அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பல் பிடுங்கிய பின் புண் ஆறி முரசு இறுக இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்து அளவெடுப்பது வழக்கம். காலப்போக்கில் தாடையெலும்பு தேய்வதால் பல் தளரும். அப்போது திருத்த வேண்டும். கீழ்ப்பல் மேற்பல்லைவிட அதிகம் ஆடும்.

இரண்டாவது, பாலப்பல். இடைவெளியின் இரு பக்கத்துப் பற்களையும் அராவி, அவற்றின்மேல் உறைபோட்டு, நடுவில் பொய்ப்பல்லை நிறுத்துவார்கள். கழற்ற வேண்டியதில்லை. ஆனால் பழுதில்லாத பற்களை அராவ வேண்டிவருகிறது. முன்பல் ஒன்று மட்டும் இல்லாத இளம் வயதினர், பக்கத்துப் பல்லில் ஒட்டும் வகை தமக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்கலாம். அதில் அராவுதல் மிகக் குறைவு.

மூன்றாவது, எலும்பில் பதிக்கும் பல், அதாவது இம்பிளான்ற். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிறனமார்க், ரைற்றேனியம் உலோகம் எலும்போடு ஒன்றிப்போவதைக் கண்டறிந்து, 1965 இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார். பக்கத்துப் பல்லைத் தொடாது, உறுதியாக நிற்கும். ஆனால் செலவு மிக அதிகம். எலும்போடு ஒன்ற மூன்று முதல் ஆறு மாதங்கள் செல்லலாம். பலமுறை வைத்தியரிடம் போக வேண்டும். புகைப்போருக்கும், கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளோருக்கும் தோல்வியடையும் வாய்ப்புக் கூடுதல். அடுத்த போகத்துக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

அவசரப் பல் வேண்டாம்

ஒரே நாளில் மலிவாகப் பல் கட்டித் தருவதாகச் சொல்லும் பதிவில்லாதோரிடம் போகவேண்டாம். சிலர் வாயினுள்ளேயே பிளாஸ்ரிக்கைக் குழைத்து ஒட்டிவிடுவார்கள். அது முரசைப் புண்ணாக்கும். அடியில் சாப்பாடு தேங்கி நல்ல பல்லும் பழுதாகும். இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரிடமே செல்லுங்கள்.

பல் கட்டுமுன் சூத்தைப் பற்களை அடைத்து, முரசு நோயைச் சுகப்படுத்த வேண்டும். அரசாங்க வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுகளில் பல் அடைப்பதும் பிடுங்குவதும் இலவசம். அடைக்கக்கூடிய பல்லைப் பிடுங்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பராமரிப்பு

பொய்ப்பல்லை இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும். கரி, சாம்பல், செங்கல்தூள் கொண்டு தேய்த்தால் கீறல் விழும். சவர்க்காரமும் மெல்லிய தூரிகையும் போதும். கழுவும்போது கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் தவறி விழுந்தாலும் உடையாது. பெயர்ந்து போக நேர்ந்தால் அடையாள அட்டையோடு மூடியுள்ள சிறு பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவோர் வாயைக் கண்ணாடியில் பார்த்துவர வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையோ, வெள்ளை, சிவப்புப் படையையோ கண்டால் உடனே காட்டுங்கள். பொய்ப்பல் உரசியது என்று விட்டுவிட வேண்டாம்; அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

சேர்ந்து கேட்போம்

தனியே பஸ் ஏறி அலைவது கடினம். மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் பல்லில்லாதோரின் பட்டியலைத் தயாரித்து, நடமாடும் பற்சிகிச்சை முகாம் கேட்டுப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதலாம். பொய்ப்பல் எந்த வைத்தியசாலையில், என்ன செலவில் செய்யப்படுகிறது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது பணமுள்ளவருக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல.